மழை பெய்யுது, உடுப்பெடுங்கோ! ஏ.பி.ஆர்.எஸ். வானொலி ஓர் எளிய அறிமுகம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் மழைமானியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கொடியில் உடுப்புக் காயப்போட வந்த மூன்றாம் மாடி அன்ரி நின்று பார்த்தார்.

"தம்பி, உது என்ன, டிவி அன்ரனாவோ?"

"இல்லை அன்ரி, வானிலை பார்க்கிற மெஷின்."

"மழை வருமெண்டு முன்கூட்டியே சொல்லுமோ?"

"வரப்போறதைச் சொல்லாது. இப்ப பெய்யுறதைச் சொல்லும்."

"அதுக்குத்தான் நான் இருக்கிறனே."

மறுக்க முடியவில்லை. முதல் துளி விழுந்ததுமே மொட்டைமாடிக் கதவடியில் நின்று, "மழை பெய்யுது, உடுப்பெடுங்கோ!" என்று கட்டடம் முழுக்கக் கேட்கச் சத்தம் வைப்பவர் அவர்தான். யாருடைய பெயரையும் சொல்லமாட்டார். கேட்டதா என்று விசாரிக்கவும் மாட்டார். கேட்டவர்கள் ஓடிவருவார்கள், கேளாதவர்களின் சேலை நனையும். பின்பக்க வீடுகளுக்கு அவர் குரல் எட்டாது என்பதால் இரண்டாம் மாடிப் பிள்ளை படிக்கட்டு ஜன்னலில் நின்று அதையே ஒருமுறை திருப்பிச் சொல்லுவாள். பிறகு யாராவது கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

ஏ.பி.ஆர்.எஸ். என்பது இவ்வளவுதான். அன்ரியின் இடத்தில் ஒரு சிறிய வானொலி, பிள்ளையின் இடத்தில் ஒரு டிஜிபீட்டர், வாட்ஸ்அப் போடுபவரின் இடத்தில் ஓர் ஐகேட். இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் நுணுக்கம்.

பெயரை விரித்தால் ஆட்டோமேட்டிக் பாக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம். தமிழில், தன்னியக்கமாகத் தகவல் பொதிகளை அறிவிக்கும் முறை. இதைப் பாவிப்பவர்கள் ஹேம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள். இதை உருவாக்கியவர் பாப் புரூனிங்கா, அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் வேலை பார்த்த பொறியியலாளர். 1980களின் தொடக்கத்தில் கப்பல்களின் இருப்பிடங்களை வீட்டுக் கணினித் திரையில் வரைந்து பார்ப்பதில் தொடங்கினார். 1984இல் நூறு மைல் குதிரை ஓட்டம் ஒன்றில், எந்தக் குதிரை எங்கே நிற்கிறது என்று அறிய கொமடோர் விக்-20 கணினியில் ஒரு நிரல் எழுதினார். பெயரின் நடுவில் உள்ள 'பி' முதலில் 'பொசிஷன்', அதாவது இருப்பிடம் என்றுதான் இருந்தது. பிறகு அது 'பாக்கெட்' ஆனது. இது வாகனங்களைத் துரத்தும் கருவி அல்ல, ஓர் ஊரில் இந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்டும் பொதுப் பலகை என்பதை 2022இல் இறக்கும்வரை அவர் விடாமல் எடுத்துச் சொன்னார். இன்றைக்கும் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "ஜி.பி.எஸ். ட்ரக்கர் தானே இது?" என்பதுதான். இருப்பிடம் என்பது அந்தப் பலகையில் எழுதப்படும் செய்திகளில் ஒன்று. மழை இன்னொன்று.

சரி, வானொலியில் ஒரு வரியை எப்படி அனுப்புவது? பழைய டயல்-அப் இணையத்தின் கிறீச்சொலி நினைவிருந்தால் பாதி விளங்கிவிடும். இரண்டு தொனிகள்: ஒன்று 1200 ஹேர்ட்ஸ், மற்றது 2200 ஹேர்ட்ஸ். ஒரு தொனி 'ஒன்று', மற்றது 'பூச்சியம்' என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. தொனி மாறினால் பூச்சியம், மாறாமல் தொடர்ந்தால் ஒன்று. விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் இந்த ஒலி சாதாரண எஃப்.எம். வானொலியின் ஒலிவாங்கி வழியாகவே போகிறது. இதற்கென்று தனி வானொலி தேவையில்லை. ஒலியை எழுத்தாக்கும் மோடம் ஒன்று முன்பெல்லாம் தனிப் பெட்டியாக வரும். இப்போது டைர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இருந்தபடி அதே வேலையைச் செய்கிறது.

பொதியின் வால்பகுதியில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் ஒரு பிட் கெட்டாலும் கணக்கு உதைக்கும், வாங்குகிற நிலையம் அந்தப் பொதியைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். "...ழை பெய்..." என்று அரைகுறையாகக் கேட்டதை வைத்து ஊகிக்கிற பழக்கம் இதற்கு இல்லை. அடுத்த முறை முழுதாக வரட்டும் என்று இருந்துவிடும். அனுப்பியவருக்கும் இது தெரியவராது. ஒருவருக்கொருவர் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு மட்டும் 'கிடைத்தது' என்ற பதில் உண்டு, மழைக்கும் இருப்பிடத்துக்கும் கிடையாது.

இங்கேதான் நாகரிகம் என்ற விஷயம் வருகிறது. எல்லோரும் பேசுவது ஒரே அலைவரிசையில். நூறு எழுத்துள்ள பொதி ஒன்று அனுப்ப முக்கால் விநாடி பிடிக்கும். வானொலி விழித்தெழும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு விநாடி. அப்படியானால் 10 நிமிடத்தில் 600 பொதிகள் போகலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் ஒருவரையொருவர் கேளாமல் மனம்போனபடி பேசினால், அதிகபட்சம் 18 வீதமே உருப்படியாகப் போய்ச் சேரும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹா வலைப்பின்னல் காலத்திலேயே கண்டுபிடித்த கணக்கு இது. அதாவது நூறு சொச்சம் பொதிகள்தான். பேசும் முன் அலைவரிசையில் யாரும் இருக்கிறார்களா என்று கருவி கேட்டுப் பார்க்கும், அதனால் நிலைமை கொஞ்சம் மேல். ஆனாலும் தெஹிவளையில் இருப்பவருக்கும் வத்தளையில் இருப்பவருக்கும் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாமல், இருவர் குரலும் நடுவில் உள்ளவருக்கு எட்டினால், மோதல்தான். ஆகவே வீட்டில் அசையாமல் இருக்கும் நிலையம் அரை மணிக்கொரு முறை தன் இருப்பிடத்தைச் சொன்னால் போதும். வீடு நடந்துபோகாது. வானிலை நிலையம் என்றால் 5 அல்லது 10 நிமிடத்துக்கு ஒருமுறை. ஓடும் வாகனம் மட்டும் அடிக்கடி பேசலாம். நல்ல கருவிகள் நேர்ப்பாதையில் அடக்கிவாசித்து, திருப்பத்தில் மட்டும் வாய்திறக்கும்.

இனி அந்த இரண்டாம் மாடிப் பிள்ளை. இந்த வேலை நடப்பது பெரும்பாலும் இரண்டு மீற்றர் அலைநீளத்தில். இந்த அலைகள் பார்வைக்கோட்டில் போகும். நிலையத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீற்றரில் வரும். 15 மீற்றர் உயர மொட்டைமாடிக்கு அது 16 கிலோமீற்றர். இது வெறும் சமதரைக் கணக்கு. காலி வீதியோரம் புதிது புதிதாக எழும்பும் கண்ணாடிக் கோபுரங்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. எனக்குக் கடல் பக்கம் திறந்த வெளி, மீன்களுக்கு என் மழை நன்றாகக் கேட்கும். நகரப் பக்கம் பாதி மறைப்பு. அதே கணக்கை 1,600 மீற்றர் உயர மலைமுகடு ஒன்றுக்குப் போட்டுப் பாருங்கள்: 165 கிலோமீற்றர். டிஜிபீட்டரை மேட்டில் வைப்பது ஏன் என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அது பொதியைக் கேட்கும், அதே அலைவரிசையில் உடனே திருப்பிச் சொல்லும்.

எல்லா டிஜிபீட்டரும் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னால் ஊர் சந்தையாகிவிடும் என்பதால், ஒவ்வொரு பொதியும் எத்தனை முறை திருப்பிச் சொல்லப்படலாம் என்ற எண்ணைத் தன்னோடு கொண்டுபோகும். 'வைட் 2-1' என்று எழுதினால் ஒரு தாவல். திருப்பிச் சொல்கிற நிலையம் கடைசி எண்ணில் ஒன்றைக் குறைக்கும், பூச்சியமானால் கதை முடிந்தது. வாகனத்தில் போகிறவர்கள் 'வைட் 1-1' என்பதையும் முன்னால் சேர்ப்பார்கள், பக்கத்தில் உள்ள சிறிய வீட்டு நிலையமும் கைகொடுக்கட்டும் என்று. அதைத் தாண்டி ஏழு எட்டு என்று போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இந்தத் தீவின் முழு நீளமே 432 கிலோமீற்றர்தான்.

மூன்றாவது ஆள் ஐகேட். வானொலியில் கேட்பதை இணையத்துக்குத் தள்ளிவிடும் நிலையம் அது. உலகெங்கும் உள்ள ஐகேட்கள் ஏ.பி.ஆர்.எஸ்.-ஐ.எஸ். என்ற சேவையகத் தொகுதியில் சேர்கின்றன. ஒரே பொதியைப் பத்துப் பேர் கேட்டு அனுப்பினாலும் அங்கே ஒன்றுதான் மிஞ்சும். ஏ.பி.ஆர்.எஸ்.எஃப்.ஐ. என்ற பின்லாந்து இணையத்தளத்தில் வரைபடத்தைத் திறந்தால் இவையெல்லாம் குறிகளாகத் தெரியும். அன்ரியின் மகன் டொரொன்டோவில் இருக்கிறான். அவனுக்கு ஒருநாள் அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொடுத்தேன், அதன்பிறகு நடந்தது வேறு. இங்கே பிற்பகல் மழை தொடங்கினால் அங்கே விடியப்புறம். நித்திரை வராமல் போனை நோண்டிக்கொண்டிருப்பவன் உடனே அழைப்பான்: "அம்மா, மழை பெய்யுது. உடுப்பெடுத்தாச்சோ?" முதல் தடவை அன்ரிக்கு வெலவெலத்துப் போய்விட்டது. இப்போது, "உன்ர மெஷினைவிட நான்தான் முந்தினனான்" என்று அவனுக்கே சொல்லுகிறார்.

ஆனால் இணையம் இதற்கு வால்தான், உடல் அல்ல. கரண்ட் போய், போன் கோபுரங்கள் வாயடைத்த நேரத்திலும் 12 வோல்ட் பற்றரியில் 5 வாட் வானொலி பேசும். 2004 சுனாமியின்போது ஹம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செத்துக்கிடக்க, அங்கிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்களில் அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருந்தார்கள். அது சிற்றலையில் நடந்த வேலை, ஏ.பி.ஆர்.எஸ். அல்ல. இருந்தாலும் ஒரு ஹேம் தன் பற்றரியை ஏன் எப்போதும் நிரப்பி வைக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

ஒரு பொதியைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் அனுப்புபவரின் அழைப்புக்குறி. இலங்கைக்காரர்களுடையது '4எஸ்' என்று தொடங்கும். அதன் பின்னால் ஒரு கோடும் எண்ணும் வரலாம்: 9 என்றால் வழக்கமாக வாகனம், 7 என்றால் கையில் உள்ள வானொலி, 13 என்றால் வானிலை நிலையம். ஒரே ஆள் மூன்று இடத்தில் பேசினாலும் வரைபடத்தில் குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அடுத்தது இருப்பிடம். இங்கேதான் நான் வழுக்கினேன், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போன் வரைபடம் இருப்பிடத்தைத் தசமப் பாகையில் காட்டும். ஏ.பி.ஆர்.எஸ். பொதியில் போவது பாகையும் கலையும். ஒரு பாகைக்கு 60 கலை. என் கட்டடம் வடக்கு 6 பாகை 52.40 கலை, கிழக்கு 79 பாகை 51.60 கலை என்ற அளவில் இருக்கிறது. தசமத்தில் இது 6.873, 79.860. நான் என்ன செய்தேன்? தசமத்தில் கேட்ட மென்பொருளுக்குக் கலையை அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டி 6.524, 79.516 என்று கொடுத்துவிட்டேன். என் மொட்டைமாடி உடுப்புக்கொடியோடு சேர்ந்து களுத்துறைக்கும் பேருவளைக்கும் நேரே, கரையிலிருந்து 50 கிலோமீற்றர் தள்ளிக் கடலில் மிதந்தது. இரண்டு நாளாக நான் கவனிக்கவில்லை. நடுக்கடலில் இருந்து வெயில் 36 பாகை என்று வேறு அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த 36க்கும் ஒரு கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கலையின் நூறில் ஒரு பங்கு நிலத்தில் சுமார் 18 மீற்றர். ஆகவே உங்கள் வீட்டு வாசலே வரைபடத்தில் தெரியும். அமெச்சூர் வானொலியில் எதையும் மறைகுறியாக்கக் கூடாது, எல்லாம் திறந்த வீடு. அது பிடிக்காவிட்டால் கலைக்குப் பின்வரும் இரண்டு இலக்கங்களையும் வெற்றிடமாக விடலாம், அந்த வசதி பொதியிலேயே இருக்கிறது. அப்போது ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் வட்டாரத்துக்குள் என்றுதான் தெரியும். காரில் கருவி பூட்டுபவர்களுக்கு என் ஆலோசனை: வீட்டு வாசலுக்கு வரும் முன்பே அணைத்துவிடுங்கள்.

இருப்பிடத்துக்குப் பின் வானிலை. எழுத்து ஒன்று, அதையடுத்து எண்கள். காற்றின் திசை மூன்று இலக்கத்தில். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் என் கருவி 230, 240 என்று காட்டும். பிறகு வேகம், மணிக்கு மைலில். 'ஜி' என்றால் வீச்சுக்காற்று. 'டி' என்றால் வெப்பநிலை, அதுவும் பாரன்ஹைட்டில். நம் 30 பாகை அங்கே 086. 'எச்' என்றால் ஈரப்பதன், இரண்டே இலக்கம், ஆகவே நூறு வீதம் என்பதை 00 என்று எழுதுவார்கள். கொழும்பில் விடியற்காலையில் 00 வந்தால் பாலைவனம் ஆகிவிட்டதென்று பயப்பட வேண்டாம். 'பி' (பரோமீட்டரின் பி) என்றால் அமுக்கம், ஹெக்டோபாஸ்கலின் பத்தில் ஒரு பங்கில், 1009.2 என்பது 10092.

மழைக்கு மூன்று இடம்: கடந்த ஒரு மணி நேரம், கடந்த 24 மணி நேரம், நள்ளிரவிலிருந்து இதுவரை. அளவு அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கம். 25 மில்லிமீற்றர் மழை 098. மூன்று இலக்கத்தில் ஆகக்கூடிய எண் 999, அதாவது 9.99 அங்குலம், அதாவது 254 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2010 நவம்பரில் ஓரிரவில் கொழும்பில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டி, நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்ததே, அந்த மழையை இந்தப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. இந்த வடிவத்தை எழுதியவர்கள் நம் ஊர் மழையை மனதில் வைத்து எழுதவில்லை. நான் செய்வது, பொதியின் கடைசியில் குறிப்பு எழுத உள்ள இடத்தில் மில்லிமீற்றரில் மொத்த மழையையும் எழுதிவிடுவது. அது வரைபடக் கோடாக வராது, ஆனால் படிப்பவருக்குத் தெரியும்.

இந்த மழையெண் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், இந்த நகரத்தில் மழை தெருவுக்குத் தெரு வேறு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அளவீடு பௌத்தாலோக மாவத்தையில் நடக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடியோடு வரும் பின்னேர மழை பொரளையை மூழ்கடித்துவிட்டு வெள்ளவத்தையை எட்டிப் பார்க்காமலே போகும். நான்கு மொட்டைமாடிகளில் நான்கு மழைமானி இருந்தால், முகில் நகர்வது வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும். திணைக்களத்தின் வேலையை நாம் செய்வதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. எச்சரிக்கை அவர்களுடையது, நம்முடையது வெறும் சாட்சி.

சாட்சி என்றால் பொய் சொல்லக் கூடாது. அந்த 36 பாகைக்கு வருகிறேன். வெப்ப உணரியைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கச் சுவரில் பூட்டியிருந்தேன், அது அளந்தது சுட்ட சீமெந்தை. நிழலும் காற்றோட்டமும் உள்ள வெள்ளைத் தட்டடுக்குக் கூட்டுக்குள், தளத்திலிருந்து ஒன்றரை மீற்றராவது உயர்த்தி வைத்ததும் எண் நான்கு பாகை இறங்கியது. மழைமானியின் வாய்க்கு மேலே எதுவும் நீளக் கூடாது. ஒருநாள் வானம் பளிச்சென்றிருக்க என் நிலையம் இரண்டு மில்லிமீற்றர் மழை என்று அறிவித்தது. ஏறிப் பார்த்தால் அன்ரியின் போர்வை நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது.

அமுக்கம் பற்றி ஒரு சொல். புதிதாக வைப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை கலங்குவார்கள்: காலை பத்து மணியிலிருந்து அமுக்கம் இறங்கிக்கொண்டே போகிறதே, புயலோ? இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் காற்றுமண்டலத்துக்கும் ஒரு வற்றுப்பெருக்கு உண்டு. காலை பத்தை ஒட்டி உச்சம், பின்னேரம் நான்கை ஒட்டித் தாழ்வு, இரவில் இன்னொரு சுற்று. ஏற்றத்தாழ்வு மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவில். ஆகவே இன்று நான்கு மணிக்கான எண்ணை நேற்று நான்கு மணிக்கான எண்ணோடு ஒப்பிடுங்கள். அதுவும் இறங்கியிருந்தால் வானத்தைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் செய்ய உரிமம் வேண்டும். அனுப்பும் வானொலியைக் கையில் வைத்திருப்பதற்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. பரீட்சை எழுதி அமெச்சூர் உரிமம் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. யுத்த காலத்தில் கொழும்பில் பொலிஸ் பதிவும் அடையாள அட்டையுமாக வாழ்ந்தவர்களுக்கு, மொட்டைமாடியில் ஓர் அன்ரனா நிறுத்துவது லேசான காரியமாகத் தோன்றாது. என் பெரியப்பா, "ஏன் தம்பி வீண் வம்பு" என்றுதான் முதலில் சொன்னார். உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியபிறகு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

உரிமம் இல்லாமலும் மழையைச் சொல்ல வழி உண்டு. சி.டபிள்யூ.ஓ.பி. என்ற குடிமக்கள் வானிலைத் திட்டத்தை ஏ.பி.ஆர்.எஸ். ஹேம்களே தொடங்கினார்கள். அதில் பதிந்து ஓர் எண் வாங்கினால், வீட்டு வானிலை நிலையத்தின் பொதிகளை இணையம் வழியாகவே அனுப்பலாம். வானொலி இல்லை, ஆனால் பொதியின் வடிவம் ஒன்றே.

உரிமம் வந்துவிட்டால் முதலில் அலைவரிசையை உள்ளூர் ஹேம்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வட அமெரிக்காவில் 144.390 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800, அவுஸ்திரேலியாவில் 145.175 என்று இடத்துக்கு இடம் மாறும். உலகம் முழுக்க ஒன்றாக இருப்பது 145.825. அதில் கேட்டுத் திருப்பிச் சொல்லும் டிஜிபீட்டர் சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது: சர்வதேச விண்வெளி நிலையம். பக்கத்துக் கண்ணாடிக் கோபுரம் மறைத்தாலும் தலைக்கு மேலே மறைக்க ஆளில்லை. அது நம்மைக் கடக்க எடுப்பது பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கண்டத்துக்காரரெல்லாம் அதே அலைவரிசையில் முண்டியடிப்பார்கள். என் முதல் ஆறு முயற்சியும் வீண். ஏழாவது முறை என் அழைப்புக்குறி மேலேயிருந்து எனக்கே திரும்பி வந்தது. கொடிக்கு அடியில் நின்று கத்திவிட்டேன். மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது.

"என்ன தம்பி, மழையோ?"